அண்ணாச்சி பதில்கள்: மைக் முன்னால் ஒரு முன்னாள் கைதி

போன இதழில் ஒரு வாசகர், ரேடியோவை வைத்து நல்ல படம் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தார். 2007ல் வந்த 'டாக் டு மீ' பாருங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று யார் கண்டது! ஆகவே இந்த இதழில் தேர்தல், ஜாதகம், தங்கம் விலை எல்லாவற்றுக்கும் விடுமுறை. படம் பார்த்தவர்களும், பார்க்காமலே சண்டைக்கு வந்தவர்களும் கேட்டவை மட்டும்.

அண்ணாச்சி, அந்தப் படத்தில் வரும் பீட்டி கிரீன் நிஜமாகவே இருந்த ஆளா? ரேடியோவில் பேசினார் என்பதற்காக ஒருவருடைய வாழ்க்கையைப் படமாக எடுப்பார்களா?
(பாளையங்கோட்டை வாசகர்)

நிஜமான ஆள்தான். 1931ல் வாஷிங்டனில் பிறந்தவர், ஆச்சி வளர்த்த பிள்ளை. படிப்பு ஏறவில்லை. பட்டாளத்துக்குப் போனார், போதைப் பழக்கத்தால் அங்கிருந்தும் அனுப்பிவிட்டார்கள். 1960ல் ஒரு மளிகைக் கடையில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்த வழக்கில் பத்து வருடம் தண்டனை. லார்ட்டன் என்ற இடத்துச் சிறை. அங்கே கைதிகளுக்காக ஓடிய ஒலிபரப்பில் பாட்டுப் போட்டுப் பேச ஆரம்பித்தார், வாயால் பிழைக்கலாம் என்பது அவருக்கே அங்கேதான் தெரிந்தது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஜெயில் மதிலைப் பற்றி நான் பாடம் எடுக்கவேண்டாம், உள்ளே போய் வந்தவனுக்கு வெளியே வேலை கிடைப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்திருக்கும். 1966ல் வெளியே வந்த இந்த மனிதருக்கு அந்தக் கோடையிலேயே டபிள்யூ.ஓ.எல். என்ற வானொலியில் வேலை கிடைத்தது, கொடுத்தவர் டூயி ஹியூஸ். கோட்டும் டையுமாக, வெள்ளைக்காரர் நடத்தும் நிலையத்தில் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்து மேலே வந்த கறுப்பர் அவர்.

படம் இந்த இரண்டு பேருடைய கதைதான். ஒருவர் வாயைத் திறந்தால் வம்பு, இன்னொருவர் வாயைக் கட்டிக்கொண்டே முன்னுக்கு வந்தவர். பீட்டியாக டான் சீடில், டூயியாக சிவெட்டல் எஜியோஃபோர். சீடிலை மார்வெல் படங்களில் இரும்பு உடுப்போடு பார்த்த பிள்ளைகள் இதில் பார்த்தால் ஆள் அடையாளமே தெரியாது. இயக்கியவர் கேசி லெம்மன்ஸ், கறுப்பினப் பெண் இயக்குநர்.

அப்படி என்னதான் பேசினார் என்றால், வறுமை, நிறவெறி, குடி, வேலையின்மை, ஜெயில், இவற்றைத்தான். மற்றவர்களும் பேசினார்கள், ஆனால் பெரிய மனிதர் தோரணையில் மேலேயிருந்து பேசினார்கள். இவர் "நான் திருடியவன், நான் குடித்தவன், எனக்கு உங்கள் தெரு தெரியும்" என்கிற இடத்திலிருந்து பேசினார். வெள்ளைக்காரனைத் திட்டிய அதே மூச்சில் சொந்த ஜனங்களையும் திட்டினார், முதலில் தன்னைத் திட்டிக்கொண்டார். படத்தில் முதல் நாளே மோடவுன் இசை நிறுவனத்தின் பெரிய முதலாளியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவார், நிலையமே அலறும். கறுப்பர்களிலேயே பணக்காரராகி, எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடிய ஆளை முதல் நாளே தொட்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். எதிரியை மட்டும் திட்டுகிறவன் பேச்சைக் கேட்டு நாம் கைதட்டுவோம், நம்புவதென்பது வேறு.

நான் அந்தப் பேரைப் போட்டுத் தேடினால் கையைப் பிடித்துப் பேய் கூப்பிடுகிற படம் வருகிறது. ராத்திரி தூக்கமே போச்சு. இதையா சொன்னீர்கள்?
(தென்காசி, கல்லூரி மாணவி)

ஐயையோ! அது ஆஸ்திரேலியாக்காரர்கள் எடுத்த பேய்ப்படம், பேர் மட்டும்தான் ஒன்று. 2007 என்ற வருடத்தையும் டான் சீடில் பேரையும் சேர்த்துத் தேடுங்கள் தாயி. உங்கள் வீட்டாரிடம் என் பேரைச் சொல்லாதீர்கள்.

சிறையில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிச் சாகப்போன கைதியைப் பேசியே இறக்கினார் என்று படித்தேன். அதனால்தான் சீக்கிரம் விடுதலையானாராம். நம்பும்படியா இருக்கிறது?
(வள்ளியூர்)

இறக்கியது உண்மை. பாதிக் கதையைத்தான் படித்திருக்கிறீர்கள். அந்த ஆளை மேலே ஏறச் சொல்லிக்கொடுத்தவரே பீட்டி என்பதுதான் மீதிக் கதை. பிற்பாடு அதை அவரே வெளியில் சொல்லிச் சிரித்தார், அவனை ஏற வைக்கத்தான் ஆறு மாதம் ஆனது என்று. படத்திலும் இந்தச் சங்கதி வருகிறது.

இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, எனக்கும் கொஞ்சம் சுளிக்கத்தான் செய்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இதை மறைத்துவைத்து வாழ்நாள் முழுக்கத் தியாகி பட்டம் வாங்கியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்த பிறகு தன் வண்டவாளத்தைத் தானே தண்டவாளத்தில் ஏற்றினார். அப்புறம் அவரைக் கேவலப்படுத்த யாரிடம் என்ன இருக்கும்?

மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட இரவில் இவர் பேசித்தான் கலவரம் அடங்கியது என்கிறார்களே. ஒரு ஊரே எரியும்போது ரேடியோப் பேச்சு என்ன செய்யும் அண்ணாச்சி? பக்கெட் தண்ணீர் மாதிரிதானே?
(மேலப்பாளையம்)

அவர் பேசினார், கலவரம் நின்றது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிற்கவில்லை. 1968 ஏப்ரல் 4, சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு மெம்ஃபிஸ் நகரில் ஒரு விடுதியின் மாடி நடையில் நின்றிருந்த கிங்கைச் சுட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உயிர் போயிற்று. வாஷிங்டனில் பதினாலாவது தெருவும் யூ தெருவும் சந்திக்கிற முக்கு, கறுப்பர்களின் கடைவீதி அது, நம்ம ஜங்ஷன் மாதிரி எப்போதும் ஜனம் நிற்கும் இடம். ரேடியோவில் செய்தி வந்ததும் அங்கே கூட்டம் கூடியது. மரியாதைக்குக் கடையைப் பூட்டுங்கள் என்று கடை கடையாகப் போய்ச் சொன்னார்கள். முதலில் கேட்டுக்கொண்டுதான் போனார்கள், அப்புறம் ஒரு மருந்துக் கடைக் கண்ணாடி உடைந்தது, அதற்கப்புறம் யார் சொல்வதையும் யாரும் கேட்கவில்லை. நான்கைந்து நாள். ஏழாவது தெரு, பதினாலாவது தெரு, ஹெச் தெரு எல்லாம் தீ. 13,600 ராணுவத்தினர் இறங்கினார்கள், நாடாளுமன்றக் கட்டிடத்துப் படியில் இயந்திரத் துப்பாக்கி வைத்தார்கள். செத்தவர்கள் பத்துக்கு மேல், பிடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

அப்படியானால் பீட்டி என்ன செய்தார்? மைக்கை விட்டு எழுந்திருக்காமல் பேசினார். கோபப்படாதே என்று சொல்லவில்லை, கோபம் எனக்கும் இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார். எரிகிற கடை யாருடையதாக இருந்தாலும், அதற்கு மேல்மாடியில் குடியிருப்பது நம் ஆள்தானே, நாளைக்குப் பால் வாங்க எங்கே போவாய் என்கிற நியாயம் அந்த ஊர் ஜனங்களுக்கு அன்றைக்கு யாராவது சொல்லவேண்டியிருந்தது. மேயர் சொன்னால் எடுபடாது. ஜனாதிபதி சொன்னால் இன்னும் ரெண்டு கல் விழும். ஜெயிலுக்குப் போய்வந்தவன், ரெண்டு வருடமாக ராத்திரியும் பகலும் தங்கள் பக்கத்து நியாயத்தைப் பேசியவன் சொன்னபோது, வீட்டுக்குள் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த கொஞ்சம் பேருக்குப் போக ஒரு காரணம் கிடைத்தது. அவ்வளவுதான். எத்தனை பேர் போனார்கள் என்று யாரும் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. ஆனால் அந்த நகரத்துக்காரர்கள் அதை மறக்கவில்லை.

நீங்கள் பக்கெட் தண்ணீர் என்கிறீர்கள். நம்ம ஊர்க் கதையையே எடுங்கள். 1908 மார்ச் 9ஆம் தேதி, விபின் சந்திர பாலர் விடுதலையானதைக் கொண்டாடுவதற்காகத் தாமிரபரணிக் கரையில் தைப்பூச மண்டபத்தில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தடையை மீறிப் பேசினார்கள். மூன்று நாள் கழித்து, 12ஆம் தேதி, இரண்டு பேரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். மறுநாள் நெல்லையில் கடைகள் அடைப்பு, மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் எரிந்தன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்று "போதும், வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லும் தகுதி யாருக்கு இருந்தது? சுதேசிக் கப்பல் விட்டவருக்கும், மேடையில் கர்ஜித்தவருக்கும்தான் இருந்தது. கலெக்டர் அந்த இரண்டு பேரையும்தானே பூட்டி வைத்திருந்தார்! வெள்ளைக்கார அதிகாரிகள் அவர்கள் பேச்சைக் கலவரத்துக்குக் காரணம் என்று மட்டுமே பார்த்தார்கள், அதே வாய்தான் அடக்கவும் கூடியது என்பது அவர்கள் மண்டையில் ஏறவில்லை. டபிள்யூ.ஓ.எல். முதலாளிக்கும் முதலில் அந்தப் பயம்தான், இந்த ஆள் வாயால் நிலையமே போய்விடும் என்று. 1968ல் அதே வாய்தான் கைகொடுத்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். உரிமைப் போராட்டம் என்றால் ஊர்வலம், சிறை, நீதிமன்றம். பாட்டுப் போடுகிறவர்களுக்கு அதில் என்ன பங்கு? சினிமாக்காரர்கள் ஊதிப் பெருக்குகிறார்களோ என்று சந்தேகம்.
(சங்கரன்கோவில்)

ஐயா, நியாயமான சந்தேகம்தான், ஆனால் இந்த விஷயத்தில் சினிமாக்காரர்கள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அட்லாண்டாவில் ஆபர்ன் அவென்யூ என்று ஒரு தெரு. அங்கே ஒரு கட்டிடத்தில் கிங்கின் இயக்கத்துக்கு அலுவலகம். அதே கட்டிடத்தில் மாடியில் டபிள்யூ.இ.ஆர்.டி. என்ற வானொலி, 1949ல் ஜெஸ்ஸி பிளேட்டன் என்பவர் வாங்கியது, அமெரிக்காவில் கறுப்பர் ஒருவருக்குச் சொந்தமான முதல் நிலையம். கிங்குக்கு ஏதாவது அவசரமாக அறிவிக்கவேண்டும் என்றால் கீழேயிருந்து வாரியல் கம்பால் மச்சைத் தட்டுவாராம். பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பவர் அதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக மைக்கைக் கீழே இறக்குவாராம். இன்றைக்கு ஒரு தலைவர் பேட்டி கொடுக்க எத்தனை கார், எத்தனை கேமரா!

அடுத்தது பர்மிங்காம், 1963 மே மாதம். பெரியவர்கள் ஊர்வலம் போனால் வேலை போகும், வீடு போகும். ஆகவே பள்ளிப் பிள்ளைகள் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எப்படி ஒரே நேரத்தில் தகவல் சொல்வது? நோட்டீஸ் அடித்தால் போலீஸ் கைக்குத்தான் முதலில் போகும். ரேடியோவில் பாட்டுப் போடும் ஷெல்லி ஸ்டூவர்ட், டால் பால் ஒயிட் ஆகிய இருவரும் பாட்டுக்கு நடுவே, பூங்காவில் பெரிய பார்ட்டி இருக்கிறது பிள்ளைகளா, பல் தேய்க்கிற பிரஷ் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னார்கள். கேட்ட வெள்ளைக்காரர்களுக்கு அது உளறல். பிள்ளைகளுக்குப் புரிந்தது: ராத்திரி ஜெயிலில்தான் படுக்கை. மே 2ஆம் தேதி வகுப்பை விட்டு எழுந்து வந்தார்கள், முதல் நாளே நூற்றுக்கணக்கில் கைதானார்கள். மறுநாள் தண்ணீர் பீய்ச்சியதும் நாயை ஏவியதும் உலகமே பார்த்தது, அந்தப் படங்களை உங்கள் வகுப்பில் நீங்களே காட்டியிருப்பீர்கள். அதற்கு முன்னால் வானொலிக்காரர்கள் மைக்கில் சொன்ன பிரஷ் விஷயம் பாடப் புத்தகத்தில் இல்லை.

1967ல் கறுப்பின வானொலி அறிவிப்பாளர்கள் மாநாட்டுக்கு கிங்கே வந்து, அவர்கள் செய்த வேலையைப் பாராட்டிப் பேசினார். எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல் வைக்கப்பட்ட ஜனங்களுக்குப் பேப்பர் போய்ச் சேராது, டிவி வாங்கக் காசிருக்காது, அடுக்களையில் ஒரு சின்ன ரேடியோ இருக்கும். நம்ம ஊர்க் கதையும் அதேதான். பஞ்சாயத்து ரேடியோ நினைவிருக்கிறதா ஐயா? பெட்டி எந்தத் தெருவிலிருந்தாலும் குழாய் கட்டிய சத்தம் எல்லாத் தெருவுக்கும் போகும். ஆளைத் தெருவுக்குள் விடாத காலத்திலும் சத்தத்தை யாராலும் மறித்து நிறுத்த முடியவில்லை.

வாயாடி அறிவிப்பாளர்களைப் பற்றி அமெரிக்காவில் போய்த் தேடுவானேன்? இலங்கை வானொலியை மறந்துவிட்டீர்களா?
(தூத்துக்குடி)

மறப்பேனா? மறந்தால் உங்கள் ஊருக்குள் நான் வரமுடியுமா! 1952 வாக்கில் மத்திய அமைச்சர் கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு கெட்ட சரக்கு என்று ஒதுக்கினார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போய்விட்டார்கள். 1957ல் விவித் பாரதி வந்தும் முழுசாகத் திரும்பவில்லை. நமக்குக் கடல்தான் நடுவில், திருநெல்வேலிக்கே சொந்தமாக வானொலி நிலையம் வந்தது 1963ல்தான். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது, இவர்கள் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது, அந்தச் சுத்தமான உச்சரிப்பையும் வேகத்தையும் குறும்பையும் இப்போதைய பண்பலையில் தேடித்தான் பார்க்கவேண்டும்.

ஆனால் ஒன்று. அவர்கள் நம்மைச் சொக்கவைத்தார்கள், பீட்டி ஜனங்களைச் சீண்டினார். அரசாங்க வானொலியில் உட்கார்ந்துகொண்டு சீண்டுவதற்கு வழி ஏது? அது அவர்கள் குறை இல்லை. ஆகவே சண்டைக்கு வராதீர்கள், இரண்டும் வேறு வேலை.

படத்தை எங்கள் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா அண்ணாச்சி? சமூக அறிவியலுக்கு உபயோகமாக இருக்குமே.
(அம்பாசமுத்திரம், ஆசிரியை)

முழுப் படமும் வேண்டாம் தங்கச்சி. ஒவ்வொரு இரண்டாவது வாக்கியத்திலும் வசவு, குடி, படுக்கை, எல்லாம் உண்டு. அமெரிக்காவிலேயே பெரியவர் துணையில்லாமல் பதினேழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்க்கக்கூடாது என்றுதான் சான்றிதழ். பெற்றோர் சங்கத்தில் உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். கிங் இறந்த இரவு வரும் பகுதியை மட்டும் எடுத்துக் காட்டலாம்.

அதற்குப் பதிலாக ஒரு யோசனை. 1976 முதல் 1982 வரை பீட்டி டிவியிலும் நிகழ்ச்சி நடத்தினார், இரண்டு எம்மி விருதுகூட வாங்கினார். அதில் தர்ப்பூசணி எப்படித் தின்பது என்று ஒரு துண்டு இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும். கத்தி, முள்கரண்டி எல்லாம் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே பழத்தை எடுத்துத் தின்கிறார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். விஷயம் என்னவென்றால், அடிமைத்தனம் ஒழிந்தபின் கறுப்பு விவசாயிகள் தர்ப்பூசணி பயிரிட்டு விற்று நாலு காசு பார்த்தார்கள், அது பொறுக்காமல் வெள்ளைக்காரர்கள் "பழத்துக்குப் பல்லைக் காட்டுகிற சோம்பேறி" என்று கேலிப்படம் போட்டுப் போட்டே அந்தப் பழத்தை அவமானச் சின்னமாக்கினார்கள். மானத்துக்குப் பயந்து வெளியிடத்தில் அதைத் தொடாத கறுப்பர்கள்கூட உண்டு. அவர்களைப் பார்த்துத்தான் இவர் கேமரா முன்னால் சாறு வடிய வடியத் தின்கிறார். எதைத் தின்பது, எப்படித் தின்பது என்பதை வைத்து ஆளை எடைபோடுகிற வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளிடமே கேளுங்கள். அதற்கு நீங்கள் பாடம் எடுக்கவேண்டியிருக்காது, அவர்கள் எடுப்பார்கள்.

வாழ்க்கை வரலாற்றுப் படம் என்கிறார்கள். அதில் எவ்வளவு வாழ்க்கை, எவ்வளவு சரக்கு?
(கோவில்பட்டி)

படம் பார்த்த பிறகு கேட்கவேண்டிய கேள்வி இதுதான், நீங்கள் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள். திரைக்கதை எழுதிய இரண்டு பேரில் ஒருவர் மைக்கேல் ஜெனே. அவர் டூயி ஹியூஸின் மகன். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் ஏன் பாதிக்கு மேல் டூயியின் கண் வழியாகவே போகிறது என்று விளங்கும். பீட்டியின் குடும்பத்தார் படத்தில் பல விஷயம் நடந்தபடி இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

இன்னொன்று, படத்தில் கலவரத்துக்கு அப்புறம் பாடகர் ஜேம்ஸ் பிரவுனை வைத்து வாஷிங்டனில் பெரிய திறந்தவெளிக் கச்சேரி நடக்கும். நிஜத்தில் பேர்பெற்ற கச்சேரி நடந்தது பாஸ்டன் நகரில், ஏப்ரல் 5ஆம் தேதி, அதை டிவியில் நேரடியாகக் காட்டி ஜனங்களை வீட்டுக்குள் உட்காரவைத்தார்கள். அதற்கப்புறம் வாஷிங்டனுக்கு வந்து டிவியில் அமைதி கேட்டுப் பேசினார். படத்துக்காக ஊரை மாற்றிவிட்டார்கள். சரி, அது சினிமா.

எனக்கு உறுத்துவது வேறு. 1980ல் டபிள்யூ.ஓ.எல். நிலையத்தை டூயியும் அவர் மனைவி கேத்தி ஹியூஸும் சேர்ந்து வாங்கினார்கள். பிறகு இருவரும் பிரிந்தார்கள், கடன் கழுத்தை நெரித்தது, வீட்டை விட்டு நிலையத்திலேயே மகனோடு படுத்துத் தூங்கி அதைக் காப்பாற்றியவர் கேத்தி. அதிலிருந்து வளர்ந்ததுதான் ரேடியோ ஒன் என்ற பெரிய நிறுவனம். இரண்டு ஆண்பிள்ளைகளின் நட்பைச் சொல்வதில் மும்முரமாக இருந்த படம் இந்தப் பக்கம் வரவில்லை. பெண் இயக்குநர் எடுத்த படத்திலேயே இப்படி.

பிடித்த காட்சி எது என்று கேட்டால், ஜானி கார்சன் நிகழ்ச்சி. அமெரிக்கா முழுக்கப் பார்க்கிற மேடை, அங்கே பீட்டியை ஏற்றிவிடவேண்டும் என்று டூயி உயிரை விடுவார். ஏறிவிடுவார் பீட்டி. எதிரே உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரக் கூட்டத்தைப் பார்ப்பார். பேச்சு வராது. வராது என்பதை விட, இவர்களைச் சிரிக்கவைக்க எனக்கு இஷ்டமில்லை என்பதுதான் சரி. நட்பு அதோடு உடையும். யாருக்காகப் பேசுகிறோம் என்று தெரிந்த ஆளால் வேறு ஆட்களுக்கு முன்னால் அதே பேச்சைப் பேச முடியவில்லை, சீடில் அந்த ஒரு நிமிடத்தில் முகத்தாலேயே நடித்திருக்கிறார். ஆனால் படத்தின் பின்பாதி மொத்தத்தில் தொங்கல்தான், கொட்டாவி வந்தால் என்னைத் திட்டவேண்டாம். நடிப்புக்கு எஜியோஃபோருக்குத்தான் இண்டிபென்டென்ட் ஸ்பிரிட் விருது கிடைத்தது, தியேட்டரில் கூட்டம் சேரவில்லை.

நம்ம ஊர் எஃப்.எம்.மில் இப்படி ஒருத்தர் பேசினால் எப்படி இருக்கும் அண்ணாச்சி! ஏன் யாரும் பேசுவதில்லை?
(திசையன்விளை)

பேசமுடியாது என்பதுதான் முதல் பதில். தனியார் பண்பலையில் ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாமே தவிர, சொந்தமாகச் செய்தியோ அரசியலோ பேச அனுமதியில்லை. மழை, போக்குவரத்து, பரீட்சை அறிவிப்பு, இதெல்லாம் சரி. சமுதாய வானொலிக்கும் அரசியல் ஆகாது. வானலை என்பது அரசாங்கத்தின் தனிச்சொத்து அல்ல, பொதுமக்களின் சொத்து என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொல்லி என்ன, மைக்கைத் திறந்தால் காதலர் தினம், மாமியார் ஜோக், நகைக்கடை விளம்பரம். அமெரிக்காவிலும் அப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்கவேண்டும், அந்தப் பயம் அங்கேயும் இருந்தது. பயந்துகொண்டே பேசவிட்டார்கள், அதுதான் வித்தியாசம்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கசக்கும். நம்ம பக்கத்தில் 1995ல் சாதிக் கலவரத்தை ஒட்டிப் போலீஸ் புகுந்து சூறையாடிய கொடியன்குளம், 1999ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் தாமிரபரணியில் 17 உயிர். அதற்கப்புறமும் ஒரு பஸ்ஸில் உட்காருகிற இடத்துக்கு, பள்ளிக்கூடத்துப் பையன் கையில் கட்டுகிற கயிற்றுக்கு வெட்டுக்குத்து. ஒவ்வொரு தடவையும் சமாதானக் கூட்டம் போடுகிறோம். கலெக்டர் ஆபீஸில் டீ, பிஸ்கட், இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்கள் கையெழுத்து. அந்தக் கூட்டத்தில் யாராவது தன் சொந்தத் தெருவைப் பார்த்து, தப்பு நம்ம பையன் பேரில் என்று மைக்கில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பீட்டி கிரீன் வருடக்கணக்காகச் செய்த வேலை அதுதான். நல்ல நாளில் சொந்த ஜனத்தின் வாயில் அதைக் கேட்டுப் பழகாதவர்களுக்கு, கெட்ட நாளில் புதிதாக ஒருவர் வந்து சொன்னால் காது கொடுக்காது. இப்போது அந்த மைக் வாட்ஸ்அப்பில் எல்லார் கையிலும் இருக்கிறது, உரிமம் வேண்டாம், ஒலிப்பதிவு நிலையம் வேண்டாம். அதில் எந்தக் குரல் முதலில் பரவுகிறது என்று திசையன்விளையிலும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளை மாளிகைக்கு விருந்துக்குப் போய் ஸ்பூனைத் திருடினார் என்கிறார்களே, நிஜமா?
(சுரண்டை)

1978ல் யூகோஸ்லாவியா அதிபர் டிட்டோவுக்காக ஜனாதிபதி கார்ட்டர் கொடுத்த விருந்து அது. பீட்டியையும் கூப்பிட்டிருந்தார்கள், போனார். வந்ததும் ஒரு ஸ்பூனைச் சுட்டுக்கொண்டு வந்தேன் என்று அவரே சொல்லிக்கொண்டார். எடுத்தாரா, சும்மா சொன்னாரா என்று யாரும் அவர் வீட்டு அடுக்களையில் போய்த் தேடியதாகத் தெரியவில்லை. ஆறு வருடம் கழித்து, 1984 ஜனவரியில், புற்றுநோயில் இறந்தார், வயது 52. அஞ்சலி செலுத்தப் பத்தாயிரம் பேர் வரை குளிரில் வரிசையில் நின்றார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த இதழில் தேர்தல், ஜாதகம், தங்கம் விலை எல்லாம் உண்டு, கேள்விகளை அனுப்புங்கள்.